ரெண்டு நாளில் பதினாலு இடம்

விசாகப்பட்டினம் என்கிற ஒரு முழு ஊரை, அதன் மலை, கடல், கோயில், நீர்மூழ்கிக் கப்பல், மிருகக்காட்சி சாலை சகிதமாக, இரண்டே நாளில் பெண்டாட்டிக்குக் காட்டி முடித்துவிடுவது என்று முனிரத்தினம் சபதம் எடுத்தார். எடுத்த இடம் ஒரகடத்தில் அவர் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் கேன்டீன். எடுத்த நேரம் டீ பிரேக். மொத்தமே பத்து நிமிஷம். அதில் வடைக்கு வரிசையில் நின்றது போகச் சபதத்துக்கு மூன்று நிமிஷம் மிஞ்சியது.

வருஷத்துக்கு ஒருமுறை ஃபேக்டரியை நிறுத்திப் போடும் ஷட்டவுனில் போவதாக வீட்டில் சொல்லியிருந்தது நாலு நாள். வியாழன் காலையில் போய் இறங்குவது, ஞாயிறு ராத்திரி ரயில் ஏறுவது. டிக்கெட்டும் அப்படித்தான் போட்டிருந்தார். நாலு நாள் இரண்டாகக் குறைந்ததற்குக் காரணம் சுடலை.

கார் சீட் அசெம்பிளியில் முதல் லைனுக்கு முனிரத்தினம் சூப்பர்வைசர். இரண்டாவது லைனுக்குச் சுடலை. தென்காசிப் பக்கத்து ஆள். கல்யாணமாகாதவன். ஆகவே எந்த நேரமும் ஓ.டி. பார்க்கத் தயாராக இருப்பவன். அன்றைக்கு டீ கிளாசோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, ஷட்டவுனுக்கு டூர் போறியளாமே?”

“ஆமா. பொண்டாட்டி ரொம்ப நாளா கேட்டுகினு கீறா.”

“நல்லா போயிட்டு வாங்க. சனிக்கிழமை உங்க லைனுக்குப் புதுக் கன்வேயர் வருதுல்லா? பிளான்ட் ஹெட் ஸ்ரீதர் சாரே நேர்ல வந்து நிக்காராம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதிய. உங்க லைனையும் சேத்து நானே பாத்துக்கிடுதேன்.”

முனிரத்தினம் கடித்த வடையைத் திரும்பத் தட்டில் வைத்தார். ஷிப்ட் இன்-சார்ஜ் பதவி ஒன்று காலியாக இருந்தது. பதினாறு வருஷமாக அவர் அந்த நாற்காலியைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறார். சனிக்கிழமை பிளான்ட் ஹெட் பக்கத்தில் ஸ்பேனரும் கையுமாக நிற்கிறவனுக்குத்தான் அது என்று எழுதி ஒட்டாத குறை. அங்கே சுடலை நிற்பதா? அவர் கடற்கரையில் சோளக்கதிர் கடித்துக்கொண்டிருப்பதா?

அதற்காகச் சசிகலாவிடம் போய் டூரே இல்லை என்று சொல்லவும் முடியாது. கல்யாணமான புதிதில் ‘வைசாக் போலாம்’ என்று வாய் விட்டவர் அவரேதான். அந்த மாதம் புது மாடல் கார் வந்தது. அடுத்த ஷட்டவுன் என்றார். அடுத்த ஷட்டவுனில் ஆடிட். அதற்கடுத்ததில் பெயிண்ட். இப்படியே பன்னிரண்டு ஷட்டவுன் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் சசிகலா “சரி, அடுத்த வாட்டி போலாம்” என்று மட்டும்தான் சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும் அவருக்கு.

அவளுக்கு அந்த ஊர் மேல் அப்படி ஒரு ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் ஐந்து வருஷம் லைனில் நின்றவள். நின்றவள் என்றால் நின்றவள்தான், ஸ்டூல் கிடையாது. ஹாஸ்டலில் மேல்கட்டிலில் ஒரு வைசாக் பெண் இருந்தாள். எங்கள் ஊரில் மலை மேல் ஒரு பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் கீழே முழுக்கக் கடல்தான் என்று பாதித் தமிழில் சொல்வாளாம். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து படுக்கிறவளுக்கு, அந்த வர்ணனையில் கடலைவிடப் பெஞ்சுதான் பிடித்துப்போனது.

முனிரத்தினத்தின் மூளை வேலை செய்தது. கொடுத்த வாக்கு நாலு நாள். அதை அவர் மீறினால் தண்டலத்தில் இருக்கும் வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆனால் சசிகலாவே “போதும்யா சாமி, வூட்டுக்குப் போலாம்” என்று சொல்லிவிட்டால் அது மீறல் ஆகாது. அவளைச் சொல்ல வைக்க ஒரே வழி, ஊரைச் சுற்றிக் காட்டுவது. கால் கழலுகிறவரை சுற்றிக் காட்டுவது. அன்று ஷிப்ட் முடிந்து, கேட் லாக்கரிலிருந்து போனை எடுத்ததும், கம்பெனி பஸ்ஸிலேயே உட்கார்ந்து வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு ரகசியமாக இன்னும் மூன்று டிக்கெட் போட்டார். சனிக்கிழமை காலை சென்ட்ரல். பத்து மணிக்குக் கன்வேயர்.

போகிற வழியில் வல்லக்கோட்டை முருகனுக்கும் ஒரு வேண்டுதல் வைத்தார். சசிகலாவுக்குக் கால் வலிக்க வேண்டும். பெரிய வலியாக வேண்டாம் முருகா, ரயில் ஏறுகிற அளவுக்கு இருந்தால் போதும்.

புதன்கிழமை மூட்டை கட்டினார்கள். பையின் ஜிப் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

“இத வெச்சி கட்டிக்கலாமா?” என்று சசிகலா பரண் மேலிருந்து ஒரு மஞ்சள் நைலான் கயிற்றை எடுத்தாள்.

அந்தக் கயிற்றுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஃபேக்டரியில் லைன் நெடுகத் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் கயிறு ஓடும். எவன் கண்ணில் தப்புப் பட்டாலும் அதைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் லைன் நின்றுவிடும். சூப்பர்வைசர் ஓடிவந்து, இழுத்தவனைத் திட்டாமல் நன்றி சொல்லி, ‘ஏன், ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு நோயின் வேரைப் பிடிக்க வேண்டும். போன வருஷம் அவர் அதே மாதிரி ஒரு கயிற்றை வீட்டுச் சமையலறையிலும் கட்டினார். நைட் ஷிப்ட் முடிந்து அவர் தூங்கும்போது சசிகலா அதை ஒரே வாரத்தில் ஒன்பது தடவை இழுத்தாள். பத்தாவது நாள் கயிறு பரணுக்குப் போனது.

“பலே! செலவில்லாத ஐடியா” என்று இப்போது அவரே முடிச்சுப் போட்டார். “லாட்ஜ் யாரு சொன்னது?”

“உங்க ஃபேக்டரி ஃபேமிலி டேக்கு வந்த பொம்பளைங்க வாட்ஸ்அப்ல ஒரு குரூப் வெச்சிகீறோமே, அதுல ஒரு மேடம். அவங்க அம்மா வூடே வைசாக்தான்.”

“எப்பப் பாத்தாலும் ஊறுகாய் போடறது பத்தியே பேசுவீங்களே, அந்த ஊறுகாய் குரூப்பா? அதுல இதெல்லாங்கூடப் பேசிக்கிறீங்களா?” என்றார். அதற்கு மேல் காது கொடுக்கவில்லை. அவர் நோட்டில் பதினாலு இடங்களுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை விசாகப்பட்டினம் அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்திருக்காது. அவர் லைனில் ஒரு சீட்டுக்கு ஐம்பத்தெட்டு விநாடி. அந்தக் கணக்கில் ஊரை அணுகினார். கையில் வாட்ச், கழுத்தில் விசில் இல்லாததுதான் பாக்கி. பதினோரு வயது மகள் நிலாவிடம் பேனாவும் அட்டவணையும் இருந்தன.

நீர்மூழ்கிக் கப்பலுக்குள் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வந்தபோது எட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

“அப்பா, நாம உள்ள போனோமா?”

“போனோம்மா. டிக் போடு.”

மிருகக்காட்சி சாலையில் புலி தூங்கிக்கொண்டிருந்தது. அது எழுந்திருக்கும்வரை காத்திருக்க முடியாது என்பதால், படுத்த புலியும் புலிதான் என்று தீர்ப்புச் சொல்லி டிக் போட வைத்தார். சிம்மாசலத்தில் சாமி கும்பிட நின்ற சசிகலா கண்ணை மூடித் திறப்பதற்குள் அவர் செருப்பு ஸ்டாண்டில் நின்று கையாட்டினார். ஆட்டோக்காரரே “சார், மெல்லகா, மெல்லகா” என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் எட்டு இடம் முடிந்தது.

ராத்திரி லாட்ஜில் ஆவலோடு கேட்டார். “இன்னா சசி, கால் வலிக்குதா?”

“இல்லியே. அஞ்சு வருஷம் லைன்ல நின்ன காலு. உங்களுக்கு?”

அவருக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. முருகன் வேண்டுதலைக் கேட்டுக்கொண்டார், ஆளைத்தான் மாற்றிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் லாட்ஜைக் காலி செய்தார். கேட்டதற்கு, காலி அறையில் சாமானை விட்டுப் போனால் திருடு போகும், சாயங்காலம் வேறு அறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு, ஒன்பதாவது இடமான கைலாசகிரிக்கு ரோப் காரில் ஏறினார். மலை உச்சியில் இறங்கி, “இருபது நிமிஷம்!” என்று அறிவித்துவிட்டுத் திரும்பினால், பின்னால் யாரும் வரவில்லை.

சசிகலா ஒரு பெஞ்சின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கீழே முழுக்கக் கடல். மலை வளைந்து கடலுக்குள் இறங்கி, ஊர் அதன் மடியில் கிடந்தது. அவள் அந்தப் பெஞ்சைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் நிலாவும் உட்கார்ந்தாள்.

“சசி, எந்திரி எந்திரி. இன்னும் அஞ்சு இடம் கீது.”

சசிகலா அவர் தோளில் தொங்கிய பையின் மஞ்சள் கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. பை வாயைப் பிளந்து, அவருடைய பனியன் ஒன்று வைசாக் காற்றில் ஆடியது.

“லைன் ஸ்டாப்” என்றாள்.

“இன்னா வெளையாட்டு இது?”

“கயிறை இழுத்தா லைன் நின்னுடணும். இழுத்தவங்கள திட்டக்கூடாது. யாரு சொன்னது நிலா?”

“அப்பா” என்றாள் நிலா.

“அது ஃபேக்டரில!”

“வூட்லயும்தான்னு சொல்லி கிச்சன்ல கட்டினது யாரு?”

“அப்பா.”

“மொதல்ல தேங்க்ஸ் சொல்லுங்க சூப்பர்வைசர் சார்.”

சுற்றிலும் பார்த்தார். நாலைந்து தெலுங்குக் குடும்பங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. “தேங்க்ஸ்” என்று முனகினார்.

“இப்ப அஞ்சு கேள்வி. எனக்கும் கேக்கத் தெரியும், நானும் லைன்ல இருந்தவதான். மொதல் ஏன். பதினாலு இடத்த ஏன் ரெண்டே நாள்ல பாக்கணும்?”

“சீக்கிரமா முடிச்சா மீதி நாள் ரெஸ்ட் எடுக்கலாம்னு.”

“ரெஸ்ட் எடுக்கப்போறவங்க ஏன் ரூமைக் காலி பண்ணிட்டுப் பைய தூக்கிகினு மலையேறணும்?”

“திருட்டு பயம், சசி.”

“உங்க பனியனையும் என் நைட்டியையும் திருட ஒருத்தன் ஏன் வரணும்?”

அவர் பனியனைப் பிடித்து உள்ளே திணித்தார்.

“நாலு. காலையிலேர்ந்து ஏன் சாயங்கால ட்ரெயின் டைமையே பாத்துகினு கீறீங்க?”

முனிரத்தினம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். காலும் வலித்தது, பொய்யும் தீர்ந்துபோனது. சுடலை, கன்வேயர், பிளான்ட் ஹெட், இன்-சார்ஜ் நாற்காலி, ரகசிய டிக்கெட் எல்லாவற்றையும் கொட்டினார். முருகனிடம் கால் வலி கேட்டதைக்கூட விடவில்லை. சசிகலா கடலையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“அஞ்சாவது” என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. “ஏன் என்கிட்ட சொல்லல?”

அவர் செருப்பு நுனியைப் பார்த்தார்.

“சொன்னா நீ ‘சரி, அடுத்த வாட்டி போலாம்’னு சொல்லிடுவ. பன்னெண்டு வாட்டியும் அப்டிதான சொன்ன. பதிமூணாவது வாட்டி உன் வாயால அத கேக்க எனக்கு மூஞ்சி இல்ல சசி.”

சசிகலாவுக்குக் கண் கலங்கியது. பன்னிரண்டு வருஷமாக அந்தச் ‘சரி’ இந்த மனுஷன் காதில் விழவே இல்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். விழுந்திருக்கிறது. எண்ணியும் வைத்திருக்கிறார்.

முனிரத்தினம் எழுந்து நின்றார். நெஞ்சு நிமிர்ந்தது. “போவட்டும்! இன்-சார்ஜ் போனா போவட்டும். சுடலையே உக்காந்துக்கட்டும். நாம ஞாயித்துக்கிழமைதான் போறோம். இன்னிக்கு டிக்கெட்ட இப்பவே கேன்சல் பண்றேன், பாரு!”

“அத நான் புதன்கிழமையே பண்ணிட்டேன்.”

“இன்னாது?”

“உங்க போன்தான் ஷிப்ட் பூரா கேட் லாக்கர்ல கெடக்குமே. கேஸ், பேங்க்கு, ட்ரெயின் எல்லாத்துக்கும் என் நம்பரத்தான குடுத்து வெச்சிகீறீங்க? நீங்க பஸ்ல டிக்கெட் போட்ட அதே நிமிஷம், தோசை சுட்டுகினு இருந்த எனக்கு மெசேஜ் வந்துட்ச்சி.”

“தெரிஞ்சிகினேவா நேத்து எட்டு இடம் என்கூட ஓடின?”

“நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பாத்தேன். இன்னிக்கு மலை மேல பெஞ்சு கீது. இதுக்கு மேல ஓட என்னால முடியாது.” கையை நீட்டினாள். “போனைக் குடுங்க.”

“எதுக்கு?”

“லைன்ல போன் கூடாது. லாக்கர்ல வெக்கணும்.”

லாக்கர் என்பது அவளுடைய கைப்பை. போன் உள்ளே போனது, ஜிப் மூடியது. அந்த ஜிப் நல்ல ஜிப்.

அதற்குப் பிறகு முனிரத்தினம் ஒரு தியாகி ஆனார். பதவியைத் துறந்தவர் முகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி வைத்துக்கொண்டார். டிக்கெட் ஏற்கெனவே ரத்தாகிவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. மனசால் துறந்தால் அதுவும் தியாகம்தான் என்று அதை அடக்கினார். அந்தப் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார்கள். பதினாலு இடத்தின் அட்டவணையை நிலா கப்பலாக மடித்தாள். சாயங்காலம் அதே லாட்ஜுக்கே திரும்பிப் போனார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தடவியது. இந்நேரம் கன்வேயர் இறங்கியிருக்கும். பதினொன்றுக்குச் சுடலை போல்ட் முடுக்கியிருப்பான். பன்னிரண்டுக்கு ஸ்ரீதர் சார் அவன் முதுகில் தட்டியிருப்பார். அந்த வலியையெல்லாம் அன்பாக மாற்றினார். சசிகலாவுக்குச் சோளக்கதிரில் எலுமிச்சை தேய்த்துக் கொடுத்தார். வேர்க்கடலை உரித்துத் தந்தார். அவள் அலையில் இறங்கினால் செருப்பைத் தானே கையில் வாங்கிக்கொண்டார். “கால் வலிக்குதா சசி?” என்று மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை வலிக்கக் கூடாதே என்று கேட்டார். மத்தியானம் அவள் மடியில் தலை வைத்துத் தூங்கியே போனார். எழுந்தபோது, அரை மணி நேரமாக ஃபேக்டரி ஞாபகமே வரவில்லை என்பது தெரிந்து அவருக்கே அதிசயமாக இருந்தது. அலை அடிக்கும்போது சசிகலா போடும் சத்தமான சிரிப்பை அவர் கல்யாணத்துக்கு அப்புறம் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ருஷிகொண்டா கடற்கரை. சசிகலாவும் நிலாவும் முழங்கால் ஆழத்தில் குதித்துக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினம் இரண்டு ஜோடிச் செருப்போடு மணலில் நின்றார். பத்தடி தள்ளி, பேன்ட்டை முட்டிவரை சுருட்டிவிட்டு, நாலு ஜோடிச் செருப்போடு இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். பாவம், நம்மைவிடப் பெரிய குடும்பி போலிருக்கிறது என்று இரக்கத்தோடு பார்த்தார்.

அந்த ஆள் திரும்பினார். பிளான்ட் ஹெட் ஸ்ரீதர்.

முனிரத்தினம் சல்யூட் அடிக்கப் போய், கையிலிருந்த செருப்பால் நெற்றியில் இடித்துக்கொண்டார். “குட் மார்னிங் சார்! சார் இங்க... நேத்து கன்வேயர்...”

“கன்வேயரா? லாரி இன்னும் கெளம்பவே இல்லைப்பா. அடுத்த மாசம்தான். சனிக்கிழமை பிளான்ட்டுக்கே பூட்டு. சுடலைதான் பாவம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் போட்ட மெசேஜப் பாக்காம வந்து கேட்ல நின்னானாம். செக்யூரிட்டி திருப்பி அனுப்பிட்டான்.” ஒரு ஜோடியைக் கை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார். “லீவு கெடைச்சுதேன்னு மாமியார் வீட்டுக்குக் கெளம்பிட்டோம். கன்வேயர் தள்ளிப்போச்சு, நாங்களும் வைசாக் வர்றோம்னு என் வொய்ஃப் வியாழக்கிழமையே ஃபேமிலி டே குரூப்ல போட்டாங்களே? ‘வாங்க மேடம், ஞாயித்துக்கிழமை பீச்ல பாக்கலாம்’னு உங்க வீட்லதான் முதல் ரிப்ளை.”

முனிரத்தினம் மெதுவாகத் தலையைத் திருப்பினார். தண்ணீருக்குள் சசிகலா ஓர் அம்மாளோடு கைகோத்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள்தான் ஊறுகாய் குரூப் மேடம்.

அலை ஓய்ந்ததும் சசிகலா புடவை நுனியைப் பிழிந்துகொண்டே கரைக்கு வந்தாள்.

“சசி, வியாழக்கிழமையே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டு நாளா நான் உள்ளுக்குள்ள செத்துகினு இருந்தனே! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்” என்றாள் சசிகலா. “ஆனா எனக்காகத் தியாகம் பண்ணிட்ட நெனப்புல ரெண்டு நாளா எவ்ளோ அன்பா இருந்தீங்க! அத நானே ஏன் கெடுக்கணும்? இந்தாங்க, அந்த மேடத்தோட செருப்பு கரையில கெடக்குது பாருங்க, அதையும் எடுத்துக்கங்க. சாருக்குக் கை பத்தல.”